பீட்சாப் பெட்டி மட்டையும் புவியீர்ப்பு மையமும்

"உங்களுக்கு உது விளங்காது."

புலம்பெயர்ந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் எவரும் இந்த வசனத்தை ஒரு தடவையேனும் கேட்டிருப்பீர்கள். எங்கள் மகள் இதை முதலில் டொச்சில்தான் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் இன்னும் கூட நொந்திருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள்ளே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நாங்கள் என்றால் அம்மாவும் அப்பாவும். இதை இருவரும் குசினி மேசையில் இருந்து சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறார், எழுதியதை மற்றவர் வெட்டுகிறார். ஆகையால் எது யாருடைய வசனம் என்று வாசகர்கள் கேட்கவேண்டாம்.

எங்களில் அப்பா 1985 இல் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகரப் புகையிரதத்தில் ஏறி மேற்கு பேர்லினுக்கு வந்த பெடியன்களில் ஒருவர். சொந்த இடம் வடமராட்சி. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் படித்து, 1986 இல் உயர்தரப் பரீட்சை எழுதியவர். பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த நேரத்தில், 1987 ஐப்பசியில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 1988 ஆரம்பத்தில் அவரும் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கணிதக் கொப்பிகள் ஊரில் அலுமாரிக்குள் இருந்தன. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது யார் கொப்பியைத் தூக்குவார்கள்? பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் அலுமாரியே இல்லையாம்.

இங்கே வந்து ஒருவர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிப் பிறகு பீட்சா அடுப்புக்கு உயர்ந்தார். மற்றவர் ஹோட்டலில் கட்டில் விரிக்கப் போனார். மகள் எட்டு வயதிலேயே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். வெளிநாட்டவர் அலுவலகம், வைத்தியர், வீட்டுக்காரர் என்று எல்லா இடத்திலும் அவள்தான் கதைத்தாள். கதிரையில் கால் நிலத்தில் படாமல் ஆட்டிக்கொண்டு, எங்கள் விசா விடயத்தை அதிகாரிக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். எங்களுக்காகக் கதைத்துக் கதைத்து, இவர்கள் கதைக்கத் தெரியாதவர்கள், ஆகவே ஒன்றும் தெரியாதவர்கள் என்று அந்தப் பிள்ளை மனம் முடிவு கட்டியதில் பிழை சொல்ல முடியுமா?

2002 இல் அவள் கிம்னாசியத்தில் ஏழாம் வகுப்பு. ஜேர்மனியில் புள்ளி தலைகீழ் என்பது பலருக்குத் தெரியும். 1 ஆகத் திறம், 6 ஆகக் கீழ். எங்கள் மகளுக்கு அரையாண்டில் கணிதத்திலும் பௌதிகத்திலும் 5. பெற்றோர் மாலைக்குப் போனோம். ஆசிரியர் கெட்டவர் அல்ல, மரியாதையாகத்தான் கதைத்தார். "வீட்டில் உதவி கிடைக்காத பிள்ளைகளுக்கு றெயால்சூல நல்ல இடம், அங்கே மாற்றுவது பற்றி யோசியுங்கள்" என்றார். இதையும் மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தாள். "வீட்டில் உதவி கிடைக்காத" என்ற இடத்தை அவள் விட்டுவிட்டாள். ஆனால் அந்த அளவு டொச் எங்களுக்கும் விளங்கியது.

கடைசிச் சந்தர்ப்பமாக ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வகுப்பின் முன்னால் கால் மணித்தியாலம் பேசவேண்டும். தலைப்பு, தட்டையான உருவங்களின் "ஷ்வேர்புங்ட்"டைக் கண்டுபிடிப்பது. ஐந்து உருவங்கள் காட்டவேண்டும்: செவ்வகம், முக்கோணி, அரைவட்டம், எல் வடிவம், ஐந்தாவது சொந்த விருப்பம்.

அம்மா தாளை எடுத்துப் பார்த்தார். சொல் புதிது, படம் பழையது. "இது புவியீர்ப்பு மையமெல்லோ!" என்றார். ஷ்வேர் என்றால் பாரம், புங்ட் என்றால் புள்ளி. ஆக, பாரப் புள்ளி. இரண்டு சின்னச் சொல்லால் டொச்காரர் முடித்ததற்கு நாங்கள் எவ்வளவு நீளமாகப் பெயர் வைத்திருக்கிறோம் என்று மகளுக்குச் சிரிப்பு. பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அதற்கு அடுத்ததாகத்தான், நாங்கள் உதவி செய்யவா என்று கேட்க, தொடக்கத்தில் எழுதிய வசனம் வந்தது.

அம்மா வாதாடவில்லை. அடிமட்டத்தை எடுத்து விரல் நுனியில் வைத்து, விழாமல் நிற்கும் இடத்தைக் காட்டினார். முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் பதினைந்தில் நின்றது. "இது எனக்கும் தெரியும்" என்றாள் மகள். பிறகு செவ்வக மட்டையொன்றில் மூலைவிட்டங்கள் இரண்டையும் கீறி, அவை வெட்டும் புள்ளியில் பென்சில் முனையை வைத்து நிறுத்தினார். "இதுவும் தெரியும்." "அப்ப முக்கோணிக்கு எங்க?" மகள் பேசாமல் இருந்தாள்.

முக்கோணிக்கு எங்கள் குசினியில் இருந்த ஸ்பகெட்டி உதவியது. அம்மா அதை நீளம், அதைவிடக் கட்டை, அதைவிடக் கட்டை என்று முறித்து, மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடியில் நீளமானது, உச்சியில் விரல் நகமளவு. பார்த்தால் ஒரு முக்கோணி. ஒவ்வொரு ஸ்பகெட்டியும் தன் நடுவில்தான் சமநிலையில் நிற்கும். அந்த நடுக்கள் எல்லாவற்றையும் தொடுத்தால், உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும் ஒரு நேர்கோடு வரும். முழு முக்கோணியின் மையமும் அந்தக் கோட்டில்தான் எங்கோ இருக்கவேண்டும். மற்றப் பக்கத்தை அடியாக வைத்து அடுக்கினால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் மையம். மூன்றாவது கோடும் அதே புள்ளியால் போகும். அது ஒவ்வொரு கோட்டையும் இரண்டுக்கு ஒன்று என்று பிரிக்கும், ஆகவே அடியிலிருந்து உயரத்தின் மூன்றிலொரு பங்கு. பதினைந்து சென்ரிமீற்றர் உயரமான முக்கோணியில் ஐந்து சென்ரிமீற்றர். இதை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலேயே நிறுவி எழுதிவைத்துவிட்டார். தளங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூலின் முதற்பகுதியில் இது வருகிறது. அவர் சிசிலித் தீவின் சிராக்கூசைச் சேர்ந்தவர். உணவகத்தில் சிசிலியிலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் இருந்தார். அப்பா இந்தக் கதையைச் சொன்னபோது, ஆர்க்கிமிடீஸ் தன் ஒன்றுவிட்ட அண்ணன் என்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மகளுக்கென்று பத்துப் புதுப் பீட்சாப் பெட்டி தந்துவிட்டார்.

புதுப் பெட்டி என்பது முக்கியம். முதல்நாள் அப்பா கொண்டுவந்தது பாவித்த பெட்டி. எண்ணெய் ஊறின பக்கம் பாரம் கூடி, மையம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாடப் புத்தகத்தில் "சீரான அடர்" என்று ஒரு சொல் வரும். பரீட்சைக் கேள்வியில் அதை நாங்கள் கவனிக்காமலே வாசித்துத் தாண்டுவோம். மட்டை எங்கும் ஒரே தடிப்பு, ஒரே பாரம் என்று அதற்கு அர்த்தம் என்பதை அம்மாவே அன்றைக்குத்தான் கையால் உணர்ந்தாராம்.

இனி அப்பாவின் முறை. கணக்கு இல்லாமல் மையத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மட்டையின் ஓரத்தில் ஒரு துளையிட்டு, ஊசியில் தொங்கவிடவேண்டும். அது ஆடி அடங்கும்போது அதன் பாரப் புள்ளி ஊசிக்கு நேர் கீழே வந்து நிற்கும். வேறெங்கு நின்றாலும் பாரம் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதே ஊசியிலிருந்து நூலில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, நூல் போகும் வழியே கோடு கீறவேண்டும். இன்னொரு துளையில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. வெட்டும் இடம் மையம். மேசன்மார் சுவர் நிமிர்வு பார்க்கும் தூக்குக் குண்டுதான் இது. எங்களிடம் குண்டு இல்லை, சைக்கிள் நட்டு ஒன்றைக் கட்டினோம்.

மகள் தனியே செய்து பார்த்தாள். மூன்று துளையிட்டாள், மூன்று கோடும் ஒரு புள்ளியில் சந்திக்காமல், நடுவில் ஒரு சின்ன முக்கோணியை விட்டுவைத்தன. "பார்த்தீங்களா, பிழைக்குது" என்று மட்டையை எறிந்தாள். அப்பா எடுத்து ஆட்டிப் பார்த்தார். துளை ஊசியை இறுக்கிப் பிடித்திருந்தது. மட்டை தானாக நிற்கவில்லை, ஊசி அதை நிறுத்தியிருந்தது. பென்சில் முனையால் துளையை அகலமாக்கி, தாராளமாக ஆடவிட்டு, ஒருமுறை தட்டிவிட்டு அடங்கும்வரை பொறுத்தார். கோடுகள் ஒன்றாய்ச் சேர்ந்தன.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அப்பா?"

பட்டம் கட்டினவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? வடமராட்சியில் மார்கழியும் தையும் வாடைக்காற்றுக் காலம். பட்டம் பறக்காத வீடு இல்லை. மூங்கிலைக் கீறிச் சீவி, நடுவில் கத்தி முனையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவவேண்டும். பிறகு முச்சை கட்டுவது. முச்சை ஒரு விரலளவு பிசகினால் பட்டம் குத்துக்கரணம் அடித்துப் பனைமரத்தில் போய்ச் செருகும். வால் கட்டினால் பாரம் கீழே இறங்கிப் பட்டம் அடங்கி நிற்கும். காற்றின் தள்ளும் சேர்வதால் முச்சைக் கணக்கு வெறும் பாரக் கணக்கு இல்லை என்று அம்மா இடையில் ஒரு திருத்தம் சொன்னார், அதையும் இங்கே பதிகிறோம். எட்டுமூலையும் கொக்கும் கட்டி விண் பூட்டி இரவிரவாய்க் கூவவிட்ட கதைகளை அப்பா அன்றைக்கு ஒரு மணித்தியாலம் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் டொச்சில் இல்லாத கதைகள் உண்டு என்பது அவளுக்குப் புதிது.

எல் வடிவத்தில்தான் பெரிய சண்டை வந்தது. இரண்டு கையும் வெளிப்புறம் பன்னிரண்டு சென்ரிமீற்றர், அகலம் இரண்டு சென்ரிமீற்றர். தொங்கவிட்டுக் கோடு கீறப் போனால் நூல் மட்டையை விட்டு வெளியே, காற்றில் போகிறது. "மட்டை இல்லாத இடத்தில மையம் எப்படி இருக்கும்? இது பிழையான முறை" என்றாள். அம்மா கணக்கில் இறங்கினார். எல்லை இரண்டு செவ்வகமாக வெட்டுவோம். நிமிர்ந்தது 24 சதுர சென்ரிமீற்றர், அதன் மையம் இடது ஓரத்திலிருந்து 1 சென்ரிமீற்றரில். படுத்தது 20 சதுர சென்ரிமீற்றர், அதன் மையம் 7 சென்ரிமீற்றரில். ஒவ்வொரு பரப்பையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 24 உம் 140 உம், மொத்தம் 164. அதை முழுப் பரப்பு 44 ஆல் பிரித்தால் 3.73. கீழ் ஓரத்திலிருந்து பார்த்தாலும் அதே 3.73. மட்டையின் அகலமோ இரண்டு. ஆக, மையம் வெளியே, வெறும் இடத்தில்தான்.

மகள் அப்போதும் நம்பவில்லை. அம்மா குளிர்பெட்டியைத் திறந்து, முதல்நாள் சுட்ட உளுந்து வடை ஒன்றை எடுத்து வைத்தார். "இதின்ர நடு எங்க?" வடையின் நடு ஓட்டை. மகள் கொஞ்ச நேரம் வடையையே பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், எல்லின் இரண்டு கைக்கும் குறுக்கே மெல்லிய கடதாசித் துண்டொன்றை ஒட்டி, மறுபடி தொங்கவிட்டு, கடதாசியில் கோடு கீறினாள். 3.7 க்குப் பக்கத்தில் வந்தது. வடையை அப்பா சாப்பிட்டுவிட்டார்.

அரைவட்டத்தை மகள் தானே செய்தாள். பத்துச் சென்ரிமீற்றர் ஆரை. விட்டத்திலிருந்து 4.2 க்கும் 4.3 க்கும் இடையில் வந்தது. "4r இன் கீழ் 3π, 4.24 வரும்" என்று அம்மா உடனே சொன்னார். "ஏன்?" என்று மகள் கேட்டாள். அம்மாவுக்குப் பதில் வரவில்லை. சூத்திரம் நினைவில் இருக்கிறது, நிறுவல் போய்விட்டது. அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் ஹோட்டலில் பதினாறு கட்டில் விரித்தார். ஒவ்வொரு விரிப்பை உதறும்போதும் அதே யோசனை. மூன்றாம் நாள் பேரூந்தில் வரும்போது வந்ததாம். அரைப் பீட்சாவை மெல்லிய மெல்லிய துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு முக்கோணி. அதன் மையம் கூரிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். ஆகவே முழு அரைவட்டத்தின் பாரமும் மூன்றில் இரண்டு ஆரையில் ஓர் அரைவட்டக் கம்பியில் இருப்பதுபோல. அரைவட்டக் கம்பியின் மையம் விட்டத்திலிருந்து அதன் ஆரையின் 2/π மடங்கு. அதற்கு மட்டும் தொகையீடு வேண்டும், அதையும் பேரூந்துச் சீட்டின் பின்பக்கத்தில் செய்து முடித்திருந்தார். மூன்றில் இரண்டை 2/π ஆல் பெருக்கினால் 4/3π. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. தேவைப்பட்டது எங்களுக்கு. அந்தச் சீட்டு இன்றும் எங்கள் கடவுச்சீட்டுகளோடு இருக்கிறது.

முடிவை இப்பவே சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் வாசகர்கள் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பேச்சுக்கு 2 கிடைத்தது. வருட முடிவில் பௌதிகத்தில் 4, கணிதத்தில் 4. பெரிய புள்ளி இல்லை, ஆனால் கிம்னாசியத்தில் இருந்துவிட்டாள். அடுத்த பெற்றோர் மாலையில் ஆசிரியர், யார் வீட்டில் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அம்மா தன் டொச்சில், தானே சொன்னார்: "நான், அவர்." இலக்கணம் சரியோ தெரியாது. மகள் மொழிபெயர்க்கவில்லை.

ஐந்தாவது உருவத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

வகுப்பில் சிலர் ஜேர்மனி வரைபடத்தை எடுத்திருந்தார்கள். அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. இரண்டு ஜேர்மனியும் 1990 இல் ஒன்றான பிறகு, தூரிங்கன் மாநிலத்தில் நீடர்டோர்லா என்ற ஊர் தன்னை நாட்டின் நடு என்று சொல்லிக் கல் நாட்டி வைத்திருக்கிறது. வேறு சில ஊர்களும் அதே உரிமை கோருகின்றன, அளக்கும் முறையைப் பொறுத்தது. எங்கள் மகள் இலங்கையை எடுத்தாள். நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சித்திரையில்தான் ஏ-9 பாதை திறந்திருந்தது. வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. யார் போகலாம், எப்போது போகலாம், என்ன கொண்டுபோகலாம் என்று எந்த நேரமும் ஊர்க்கதை. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

பாடசாலை அட்லசைப் பெருப்பித்துப் பிரதி எடுத்து, ஆகப் பெரிய பெட்டியில் ஒட்டி, நாற்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டினோம். ஒரு சென்ரிமீற்றர் ஏறக்குறைய பதினொரு கிலோமீற்றர். மன்னார்ப் பக்கத்தில் ஒரு துளை, மட்டக்களப்புப் பக்கத்தில் ஒன்று. கோடுகள் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் வெட்டின. நாங்கள் இருவரும் வாழ்நாளில் இறங்கி நிற்காத இடம். கண்டிக்குப் போன பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பேரூந்து அந்தப் பக்கத்தால் போயிருக்கலாம் என்று அம்மா சொன்னார்.

மூன்றாவது கோடு சரிபார்க்க. "உங்கட ஊரில துளை போடுறன் அப்பா" என்று பருத்தித்துறையில் ஊசி குத்தினாள். பென்சிலால் துளையை அகலமாக்கி, முழுத் தீவையும் அந்த முனையில் தொங்கவிட்டாள். நட்டைக் கட்டும்போது நூல் இழுபட்டது. ஆனையிறவில் மட்டை ஒடுக்கம். அந்த இடத்தில் கிழிந்து, தீவு கீழே விழுந்தது. யாழ்ப்பாணம் மட்டும் ஊசியில் ஆடிக்கொண்டு நின்றது.

நாளைக்குக் காலை பேச்சு. நேரம் இரவு பதினொன்று. மகள் விழுந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அது சின்னத் துண்டு, நடு பெரிசா மாறாது" என்றாள்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவள் சொன்னது சரி. ஆனால் எங்கள் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சதுரக் கடதாசியை எடுத்துக் கிழிந்த துண்டை அதில் வைத்துக் கோடிழுத்து, கட்டங்களை எண்ணத் தொடங்கினாள். எட்டரைச் சதுர சென்ரிமீற்றர். முழுத் தீவு ஐந்நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேல். இரண்டின் மையங்களுக்கும் இடையில் இருபத்தொரு சென்ரிமீற்றர். அம்மா எல்லுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை, கூட்டுவதற்குப் பதில் கழித்தல். நாங்கள் உதவவில்லை. இரண்டு தடவை செய்து பார்த்தாள்.

"மூன்று மில்லிமீற்றர். கொஞ்சம் கூட. நிலத்தில மூன்றரைக் கிலோமீற்றர் மாதிரி, தெற்குப் பக்கமா நகரும்" என்றாள். பிறகு, "பென்சில் கோட்டைவிடக் கூட. கண்ணுக்குத் தெரியும்" என்றாள்.

அப்பா செலோரேப் எடுத்துவந்தார். முன்னும் பின்னுமாக இரண்டு துண்டு ஒட்டி, நகத்தால் தேய்த்தார். இன்னொரு துண்டு வெட்டப் போனபோது மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காணும் அப்பா. ரேப்புக்கும் பாரம் இருக்கு. இன்னும் ஒட்டினால் நடு வடக்க வந்திடும்."

"வரட்டுமே" என்றார் அப்பா.